மதுரைவீரனும் நான் எடுத்த கல்யாண டிஸ்க்கும்

எங்கள் கடைவீதிச் சங்கத்து ஆண்டு மலரில் மதுரைவீரனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று மருந்துக்கடை பாலாஜி வந்து நின்றார். "எதிர்க்கடைக்காரரு நீங்க. ஒங்களுக்குத் தெரியாததா அண்ணே" என்றார். தெரியும். என் கடையில் உட்கார்ந்து நிமிர்ந்தால் அவன் கடைதான் கண்ணில் படுகிறது. தெரியாமல் எப்படி இருக்கும். என்னைப் பற்றி யார் எழுதுகிறார்கள் என்று கேட்டேன். "அடுத்த மலர்ல பாத்துக்குவோம்ணே" என்றார்.

அடுத்த மலர் எப்போது வருமோ, அதனால் என் கதையையும் கொஞ்சம் இதிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஆண்டியப்பன். இலுப்பூரில் ஆண்டி வீடியோ என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது. கல்யாண வீடுகளில் வீடியோக்காரருக்குப் பின்னால் லைட் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான். அந்தச் சூட்டில் தலைமுடி பொசுங்கியதும் உண்டு. இன்றைக்குச் சொந்தக் கட்டடம், சொந்தக் கார், ஏசி போட்ட ஸ்டூடியோ. யாரும் கைதூக்கி விடவில்லை. திருமயம் பக்கத்துச் செட்டியார் வீடுகளில், புதுக்கோட்டையில் இருக்கிற ஸ்டூடியோக்களை எல்லாம் தாண்டி இலுப்பூருக்கு ஆள் அனுப்பி என்னைக் கூட்டிப்போனார்கள் என்றால் சும்மா கூட்டிப்போவார்களா. கேசட் வந்தது, சிடி வந்தது, டிவிடி வந்தது, இப்போது பென் டிரைவ். எத்தனையோ பேர் கடையைச் சாத்திவிட்டுப் போனார்கள். நான் நின்றேன்.

மதுரைவீரன் அப்படி முட்டி மோதி மேலே வந்தவன் இல்லை. இதைச் சொன்னால் என் வீட்டுக்காரி, "ஒங்களுக்கு வயிறு எரியுது" என்கிறாள். எரியத்தான் செய்கிறது. இல்லை என்று யார் சொன்னது.

அவனுக்கு ஊர் விராலிமலைக்கு மேற்கே ஒரு காடு. அப்பா ஹைவேயில் பஞ்சர் ஒட்டியவர். பத்தாம் வகுப்பில் தவறியதும் மாமா ஒருத்தர் கட்டுமாவடிக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே போட்டுகளில் இருக்கும் ரேடியோ, வயர்லெஸ், மீன் கூட்டத்தைக் காட்டும் பெட்டி இதையெல்லாம் பிரித்துப் பார்த்துக் கையைப் பழக்கிக்கொண்டான். போட்டு கடைக்கு வராது. பெட்டி நின்றுபோனால் இவன்தான் இடுப்பளவு தண்ணியில் நடந்து போட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டான். இலுப்பூரில் யாருடைய கம்ப்யூட்டர் நின்றாலும், "எடுத்துட்டு வராதீங்க, நானே வாரேன்" என்பான். கேட்டால், "அது இருக்க எடத்துல வச்சுப் பாத்தாத்தாண்ணே அதுக்கு என்ன சீக்குன்னு தெரியும்" என்பான். வீட்டுக்குப் போனால் காபி பலகாரம் கிடைக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

பொண்டாட்டி புவனேஸ்வரியோடு வந்து என் ஸ்டூடியோவுக்கு நேர் எதிரே கடை போட்டபோது, அது கடையா குளியலறையா என்று நான் சிரித்தேன். புருஷனும் பொண்டாட்டியும் முழங்கை இடித்துக்கொள்ளாமல் திரும்ப முடியாது. அவன் போனைப் பிரிப்பான், அவள் ஜெராக்ஸ் போடுவாள், இரண்டு பேரும் எதையாவது பேசிச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். என் வீட்டுக்காரி கல்யாணமான நாளிலிருந்து என் ஸ்டூடியோப் படியை மிதித்ததில்லை.

என் கடையில் குஷன் நாற்காலிகள் இருக்கின்றன. அவன் கடை வாசலில் காலிப் பெயிண்ட் டப்பாக்கள். சனம் டப்பாவில்தான் போய் உட்காருகிறது. ரிப்பேர் இருக்கிறவனும் உட்காருகிறான், இல்லாதவனும் உட்காருகிறான். ஒரு நாள் ஒரு சம்சாரி வாய்க்காலில் விழுந்த போனைக் கொண்டுவந்தார்.

"தண்ணிக்குள்ள விழுந்துருச்சுப்பா."

"நீச்சல் கத்துக் குடுக்காம எதுக்குய்யா வாய்க்காப் பக்கம் கூட்டிப் போனீங்க?"

இதற்கு வீதியே சிரிக்கிறது. இதே பேச்சை நான் பேசினால், "வீடியோக்காரர் திமிரா பேசுறாரு" என்பார்கள்.

சரி, டிஸ்க்குக்கு வருகிறேன். பாலாஜி எழுதச் சொன்னதே அதைத்தான்.

திருமயத்துக்கு அங்கிட்டு இருக்கிற ஒரு ஊரில் சேதுலட்சுமி ஆச்சி இருக்கிறார். அவர் கணவர் ஆதப்பச் செட்டியார் போன ஐப்பசியில் தவறிப்போனார். நல்ல மனுஷர். ஆனால் படம் எடுப்பது என்றால் ஆகாது. பேரப்பிள்ளைகள் போனைத் தூக்கினால் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வாராம். சுவரில் மாட்ட ஒரு போட்டோ இருந்தது. குரல் எங்கேயும் இல்லை. அவர் பேசியது பதிவாகி இருந்தது மகள் மீனாக்ஷியின் கல்யாண வீடியோவில் மட்டும்தான். எடுத்தவன் நான். அப்போது இரண்டு டிவிடி போட்டுக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போனதைப் பிள்ளைகள் தரையில் தேய்த்து விளையாடிவிட்டார்கள். எடுத்த கேசட்டில் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு கல்யாணம் ஏறிவிட்டது. அந்தக் காலத்தில் எல்லா ஸ்டூடியோவிலும் அதுதான் வழக்கம். மிச்சம் இருந்தது ஆச்சி பீரோவில் பத்திரமாக வைத்திருந்த ஒன்றுதான்.

மகன் ராம்நாத் பெங்களூரில் இருக்கிறார். தெவசத்துக்குக் கொஞ்ச நாள் முன்பே வந்தவர், அந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார். "ஆத்தா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க. வருஷம் திரும்புறதுக்குள்ள அப்பச்சி பேசுறதை ஒரு தடவை கேட்டுப்புடணுமாம்."

"என் கடை டிஸ்க்கு தம்பி. நூறு வருஷம் ஓடும். இங்கனயே ஒக்காருங்க" என்று சொல்லிப் போட்டேன்.

டிரைவ் சுற்றியது. வேகம் எடுத்தது, தளர்ந்தது, மறுபடி வேகம் எடுத்தது. விளக்கு எரிந்தபடியே நின்றது. திரையில் வட்டம் மட்டும் சுற்றுகிறது, மவுஸை இழுத்தால் அம்பு நகரவில்லை. தட்டை வெளியே தள்ளும் பொத்தானை அழுத்தினேன், அதற்கும் காது கேட்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டால், டிஸ்க் உள்ளே இருக்கிறவரை கம்பெனிப் பெயர் வருகிற முதல் திரையைத் தாண்டவில்லை. கடைசியில் ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, டிரைவின் முகத்தில் இருக்கும் ஊசித் துளைக்குள் குத்தித்தான் தட்டை வெளியே இழுத்தேன். டிஸ்க்கை எடுத்ததும் கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

எனக்குத் தெரிந்த எல்லாம் செய்தேன். பளபளப்பான பக்கத்தை உள்ளிருந்து வெளியே மெல்லத் துடைத்தேன். டிரைவின் லென்ஸ் கண்ணைத் துடைத்தேன். பழைய டிரைவ் ஒன்றைத் தேடி மாட்டினேன், லேப்டாப்பில் போட்டேன். போட்ட இடமெல்லாம் அதே கதை. புதுக்கோட்டையில் தெரிந்த கடையிலும் கொடுத்துப் பார்த்தேன். "ரெக்கார்ட் பண்ற டிஸ்க்குக்கு ஆயுசு இம்புட்டுதாண்ணே. உள்ள இருக்க சாயம் வெளுத்திருக்கும். டிரைவுக்கு இது டிஸ்க்குன்னே தெரியல" என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

ராம்நாத் நல்ல பிள்ளை, கோபப்படவில்லை. "பரவால்லண்ணே. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று எழுந்தார். எழுந்தவர் வாசலில் நின்று, "எதுக்கும் எதிர்க்கடையில ஒரு வார்த்தை கேக்கட்டுமா" என்றார். என் கடைப் பெயர் ஒட்டிய டிஸ்க்கை என் கண் முன்னாலேயே அந்தக் குளியலறைக்குள் கொண்டுபோனார். மதுரைவீரன் அதை உறையிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை.

"இது எங்கன இருந்துச்சு?"

"ஆத்தா பீரோவுல."

"அப்ப நாளைக்குக் காலையில அங்க வாரேன்."

என் காரில் கூட்டிப்போகிறேன் என்று நானே சொன்னேன். அவன் தோற்பதை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை. தப்பித்தவறி ஓடிவிட்டாலும் ஆண்டியப்பன் கூட்டிவந்த ஆள் என்று இருக்கும்.

காரில் ஏறியதும் முன் சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டான்.

"காரு நல்லாருக்குண்ணே. ஏசி மட்டும் கொஞ்சம் இருமுது."

"ஒனக்கு எதைப் பார்த்தாலும் சீக்குதானா."

"மனுசனுக்குப் பாக்கத் தெரியாதுண்ணே. ஒங்களுக்கு என்ன சீக்குன்னு இன்னும் புடிபடல."

நான் வண்டியை எடுத்தேன்.

ஆச்சி வீட்டில் அவன் செய்த முதல் வேலை காபி குடித்தது. இரண்டாவது வேலை வெள்ளைப் பணியாரம். அப்புறம் பையிலிருந்து ஒரு லேப்டாப்பையும் வயரில் மாட்டுகிற டிரைவ் ஒன்றையும் எடுத்து வைத்தான். கடையில் விற்கும் சினிமாப் பட டிஸ்க் ஒன்றைப் போட்டான், ஓடியது. என்னிடம் கேட்டு வாங்கி வந்திருந்த, அதே வருஷத்தில் நான் பதிவுசெய்த வேறு ஒரு கல்யாண டிஸ்க்கைப் போட்டான். அதுவும் ஓடியது.

"பாத்தியா. என் டிஸ்க்கு" என்றேன்.

"ஆமாண்ணே. டிரைவு நல்லாருக்கு, இந்த ஜாதி டிஸ்க்கையும் அதுக்கு அடையாளம் தெரியுது. சாயம் வெளுக்கிற கதைன்னா இதுவும் வெளுத்திருக்கணும். ஆச்சி வீட்டு டிஸ்க்குக்கு மட்டும்தான் என்னமோ நடந்திருக்கு."

அப்படிச் சொல்லிவிட்டு ஆச்சியிடம் திரும்பினான். ஆச்சி கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சி, இது வீட்டுக்கு வந்த அன்னைக்கு என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்ணினோம். இந்த வீடியோக்காரவுகதான் தட்டுல வெத்தலை பாக்கோட வச்சுக் கொண்டாந்து குடுத்தாக. அப்பச்சி வாங்கி ஏங்கையில குடுத்தாக. சாமி வீட்டுல வச்சு சந்தனம் குங்குமம் வச்சேன். பெறகு பீரோவுல வச்சதுதான். பாக்குறதெல்லாம் மக வீட்டுக்குப் போறப்ப அங்க வச்சே பாத்துக்கிட்டோம்."

"பொட்டு எங்கிட்டு வச்சீங்க?"

"பளபளன்னு இருக்க பக்கம் கை படக் கூடாதுன்னு இவுக கண்டிஷனாச் சொல்லிட்டாக. இங்கிட்டுப் பாத்தா பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சி. நடுவுல கண்ணாடியாட்டம் வெறுமனே இருந்துச்சு. அதுல வச்சேன்."

மதுரைவீரன் டிஸ்க்கை எடுத்தான். நடு ஓட்டையைச் சுற்றி இருக்கும் கண்ணாடி வளையத்தில் அந்தப் பொட்டு இருந்தது. பன்னீரும் ஜவ்வாதும் குழைத்த சந்தனம் காய்ந்து கல்லாகி, அதன்மேல் குங்குமம் கறுத்திருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி, படம் இருக்கிற பக்கம் கீழே போகும்படி டிஸ்க்கை அதன்மேல் வைத்து ஓரத்தில் விரலால் தட்டினான். டொக் டொக் என்று ஆடியது. அடுத்து என்னுடைய அந்த இன்னொரு டிஸ்க்கை வைத்துத் தட்டினான். அசையவில்லை.

"டிரைவு இந்த வளையத்தைத்தான் அமுக்கிப் புடிக்கும். பொட்டு ஒரு பக்கமாத் தூக்குறதால டிஸ்க்கு சாஞ்சுதான் உக்காருது. 'நீ யாரு'ன்னு டிரைவு கேக்கும். அதுக்குப் பதிலு எழுதியிருக்கறதே வளையத்தை ஒட்டி இருக்க ஓரத்துலதான். டிஸ்க்கு ஆடுதா, பதிலு சரியா வாசிக்க முடியல. திரும்பத் திரும்ப அதையே கேக்குது. அது பதிலு வாங்கிட்டு வர்றவரைக்கும் கம்ப்யூட்டரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்குது. அதைத்தான் நம்ம ஹேங்க் ஆகிப்போச்சுங்கிறோம்."

அந்தப் பொட்டை நானும் பார்த்திருந்தேன். புதுக்கோட்டைக் கடைக்காரரும் பார்த்திருப்பார். ஆயுத பூஜைக்கு டிரைவுக்கே பொட்டு வைக்கிற ஊர் இது. கல்யாண டிஸ்க்கில் பொட்டு இருந்தால் அதைச் சுற்றித்தான் துடைப்போம். அதன்மேல் கை வைக்க எந்த ஸ்டூடியோக்காரனுக்கும் மனசு வராது. அதனால் என் கண்ணில் படவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ராம்நாத் சட்டென்று கைக்குட்டையை எடுத்தார். "அம்புட்டுதானா. தொடச்சிருவோம்."

ஆச்சியின் கை முன்னே வந்து டிஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"வேணாம்ப்பா."

"ஆத்தா, பொட்டுதானே. அப்பச்சி பேசுறதைக் கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"அவுக நின்னு பாத்துக்கிட்டிருக்க வச்சது. அதை அழிச்சுப்புட்டு எதைக் கேக்கச் சொல்ற." சொல்லிவிட்டு ஆச்சி குனிந்துகொண்டார். செட்டியார் போனதிலிருந்து ஆச்சி குங்குமச் சிமிழைத் தொடவில்லை. ராம்நாத் என்னைப் பார்த்தார். பெரியவர், இத்தனை கல்யாணம் பார்த்தவர், ஏதாவது சொல்லுங்கள் என்ற பார்வை.

எத்தனையோ நெற்றிக் குங்குமத்தின் மேல் வெளிச்சம் அடித்தவன் நான். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

மதுரைவீரன் பணியாரத் தட்டை நகர்த்திவிட்டு, ஆச்சியின் நாற்காலிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அழிக்க வேணாம் ஆச்சி. எடம் மாத்திக்குவோம்."

ஆச்சி நிமிர்ந்தார்.

"நீங்க வச்சதை நீங்களே எடுங்க. வேற யாரும் தொட வேணாம். பன்னீர் ரெண்டு சொட்டு விட்டா அதுவா எளகிக் கையோட வந்துரும். அதைக் கொண்டுபோய் அய்யா படத்துல வச்சிருங்க. பொட்டு எங்கயும் போகல, அய்யாகிட்டதான் போகுது."

இவ்வளவுதான் அவன் சொன்னது. இது என்ன பெரிய வார்த்தையா. யாருக்கும் தோன்றக்கூடியதுதான். ஆனால் எனக்குத் தோன்றவில்லையே. கேமராவில், லைட்டில், கட்டடத்தில், காரில் அவனைவிட எனக்கு எல்லாம் கூட. இந்த ஒரு பேச்சு மட்டும் அவன் வாயிலிருந்து வந்தது. அதை நினைத்து இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஆச்சி எழுந்துபோய்ப் பன்னீர்ச் செம்பையும் ஒரு வெற்றிலையையும் கொண்டுவந்தார். சொட்டு விட்டுக் காத்திருந்தார். சந்தனம் இளகியதும் வெற்றிலை நுனியால் மெல்ல ஒதுக்கி விரலில் எடுத்தார். அந்த ஈரத்தோடு நடந்துபோய்ச் சுவரில் இருந்த செட்டியார் படத்தின் கண்ணாடியில், நெற்றிக்கு நேரே வைத்தார். பொட்டு லேசாகக் கோணியது. ராம்நாத் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வளையத்தில் மிச்சமிருந்த பிசுக்கை மதுரைவீரன் ஈரத்துணியால் ஒத்தி, காயவைத்து, கண்ணாடியில் வைத்துத் தட்டினான். ஆடவில்லை. டிரைவில் போட்டான். சுற்றியது, ஒரு தடவை வேகம் எடுத்தது. என் கடைப் பெயர் பூ மழையோடு திரையில் வந்தது.

"ஓட்டுங்க, ஓட்டுங்க. பந்திக்குப் போங்க. அங்கதான் நின்னாக" என்றார் ஆச்சி.

பந்தி வந்தது. வெள்ளை வேட்டியோடு செட்டியார் இலைகளுக்கு நடுவே நடந்து வருகிறார். வெளிச்சம் முகத்தில் அடிக்கவும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையைத் தூக்கினார். முகத்தை மூடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மூடவில்லை, நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசினார்.

"ஏ ஆண்டியப்பா, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைப்பா. அப்பளம் உருகிப்போகும் போலருக்கு. நீ சாப்பிட்டியா? காலையில இருந்து நிக்கிறியே. ஒக்காரு, ஒக்காரு, எலை போடச் சொல்றேன். கல்யாணம் எங்கயும் ஓடிப்போகாது."

பின்னாலிருந்து என் குரல், "இருக்கட்டும் செட்டியாரே" என்கிறது. "என்னத்த இருக்கட்டும், ஒக்காருப்பா" என்று அவர் என் தோளைப் பிடிக்கப் படம் ஆடிக் கூரையைப் பார்க்கிறது. அவ்வளவுதான். மிச்ச வீடியோவில் அவர் எங்கேயும் வாய் திறக்கவில்லை.

ஆச்சி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அதைத் திருப்பிப் போடுங்க" என்றார். போட்டோம். மறுபடியும் போடச் சொன்னார். எத்தனை தடவை போட்டோமோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டில் என் பெயர்தான் ஒலித்தது.

"ஒங்களைத்தான் கூப்புடுறாக" என்றார் ஆச்சி என்னிடம். "இத்தனை பேரு இருந்த பந்தியில ஒங்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்காக பாருங்க."

நான் மதுரைவீரனைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது ஆச்சி தூக்குவாளி நிறையப் பலகாரத்தை அவன் கையில்தான் கொடுத்தார். என் பக்கம் ஒரு வாளியும் வரவில்லை. காரில் கொஞ்ச தூரம் வந்ததும் அவன் ஒரு சீடையை வாயில் போட்டுக்கொண்டு, "எங்க கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கலண்ணே. எங்க அப்பன் பேசுனதெல்லாம் எங்கனயும் இல்ல" என்றான். நான் ஏசியைக் கூட்டி வைத்தேன். அது இருமியது.

மதுரைவீரன் நல்ல வேலைக்காரன். இதைச் சங்கத்து மலரில் எழுதி என் பெயரையும் போடுகிறேன். கம்ப்யூட்டரும் போனும் நின்றுபோனால் அவனிடமே போங்கள், போகாதீர்கள் என்று சொன்னாலும் போகத்தான் போகிறீர்கள். ஆச்சி வீட்டு டிஸ்க்கைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தது நான். ஆச்சியைக் கேட்டுக்கொண்டு என் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். மத்தியானத்தில் என் நாற்காலிகள் காலியாகவும் அவன் டப்பாக்கள் நிறைந்தும் இருக்கும் நேரத்தில், ஸ்பீக்கரை வாசல் பக்கம் திருப்பி, சத்தத்தைக் கூட்டி அந்தப் பந்தியைப் போடுகிறேன். ஏ ஆண்டியப்பா என்று செட்டியார் கூப்பிடுவது எதிர்க்கடை வரைக்கும் நன்றாகவே கேட்கிறது.